கல்லோடை நல்லுறவு வாயில்

கோயமுத்தூரில் பைகாரா மின்சாரம் வந்து மில்கள் இரவும் பகலும் ஓடத் தொடங்கிய முப்பதுகளின் நடுவில், அங்கிருந்த பெரிய மனிதர்களுக்கு ஒரு குறை தட்டியது. பங்களா இருந்தது, மோட்டார் கார் இருந்தது, ஒன்றிரண்டு பேருக்கு ராவ் பகதூர் பட்டமும் இருந்தது. அந்நிய நாட்டோடு உறவு என்று சொல்லிக்கொள்ள மட்டும் ஒன்றும் இல்லை. சீமை வெகு தூரம். ஜப்பான்காரன் துணி விற்கிறானே தவிர, விருந்துக்குக் கூப்பிடுகிறவனாகத் தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் தேடியதில், ஆனைமலைக்கு மேற்கே கல்லோடைக்கு அந்தப் பக்கம் மஞ்சக்காடு சமஸ்தானம் என்று ஒன்று இருப்பது தெரியவந்தது. ஏழெட்டு ஊர், ஒரு ராஜா, ராஜாவுக்குப் பதிலாக எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு திவான். அந்நிய நாடு என்று சொல்ல இது போதும். இப்படியாகக் கொங்கு மஞ்சக்காடு வர்த்தக கலாசார நல்லுறவுச் சங்கம் பிறந்தது.

சங்கம் பிறந்த நாளிலிருந்து இரண்டு கரையிலும் உடைந்த மண்டைகளை எண்ணி மாளாது. அவற்றில் மருதாசலத்தின் மண்டையும் ஒன்று.

மருதாசலம் கல்லோடைக்கு இந்தக் கரையில் இருந்த கல்லோடைப்பாளையத்துக்காரர். கொஞ்சம் பூமியும் ஒரு சோடி மாடும் ஒரு பார வண்டியும் உடையவர். அவரும் பக்கத்து வீட்டு அப்புசாமியும் வாரா வாரம் கடலைப் புண்ணாக்கும் வெல்லமும் ஏற்றிக்கொண்டு ஓடையின் தரைப்பாலத்தைத் தாண்டிப் போவார்கள். பாக்கும் மிளகும் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அவர்களுடைய தகப்பன்மாரும் அதைத்தான் செய்தார்கள். அதற்குப் பெயர் சர்வதேச வர்த்தகம் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தில் மருதாசலம் தன் ஒரே பெண் மாசாணியம்மாளை அக்கரையில் வெற்றிலைத் தோட்டம் வைத்திருந்த கந்தப்பனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். அந்நிய நாட்டில் சம்பந்தம் செய்திருக்கிறோம் என்ற நினைப்பே அவருக்குக் கிடையாது. இந்த வீட்டில் அடுப்பு மூட்டினால் அந்த வீட்டில் புகை தெரியும்.

மாசாணியம்மாள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிள்ளை. கொங்கு நாட்டில் தலைப்பிள்ளைக்கு ஒரு முறை உண்டு. பெண்ணைப் பெற்றவர்கள் ஐந்து வகைச் சோறு ஆக்கிப் போசி என்கிற பாத்திரங்களில் கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போவார்கள். அதற்குக் கட்டுச்சோறு என்று பெயர். அந்தச் சோற்றை எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு, பிள்ளைத்தாய்ச்சியைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவார்கள். பிள்ளை அங்கேதான் பிறக்க வேண்டும். அழைக்க வராத தகப்பனைப் பெண் சாகும்வரை மன்னிக்க மாட்டாள், ஊர் அதற்குப் பிறகும் மன்னிக்காது. ஓடையைத் தாண்டிப் போய்ப் பெண்ணை அழைத்து வர வேண்டும், அவ்வளவுதான் மருதாசலத்துக்கு இருந்த வேலை. நடுவே நல்லுறவு வந்து நின்றுகொண்டது.

சங்கத்தின் முதல் வைபவம் திவான் ராமுண்ணியின் விஜயம். கிணத்துக்கடவில் ஒரு தென்னந்தோப்பில் பந்தல் போட்டார்கள். சங்கத் தலைவர் ராவ் பகதூர் ஈஸ்வரமூர்த்தி சரிகைத் தலைப்பாகையோடு நின்றார். அவர் பக்கத்தில் காரியதரிசி சீனிவாசலு. மில் மானேஜர், எதைச் செய்தாலும் அதற்கு முன்னால் ஒரு தீர்மானம் எழுதிக்கொள்கிறவர். இரு நாட்டு வர்த்தகத்தில் ஈடுபட்டிருக்கும் வர்த்தகர்களைத் திவானுக்குக் காட்ட வேண்டும் என்று சங்கம் தேடியிருந்தது. கோயமுத்தூர் ஜில்லா முழுவதும் சல்லடை போட்டுச் சலித்ததில் மருதாசலமும் அப்புசாமியும்தான் தேறினார்கள். இரண்டு பேர் தலைக்கும் புது உருமாலை கட்டிவிட்டுப் பந்தக்காலோடு பந்தக்காலாக நிறுத்தி வைத்திருந்தார்கள்.

கொங்கு நாட்டில் ஒருவரை வரவேற்பது விளையாட்டுக் காரியம் அல்ல. வருகிறவர் ஒவ்வொருவரையும் முகம் பார்த்து 'வாங்க' என்று சொல்லியாக வேண்டும். எதிரில் முதலில் வந்தவருக்கு முதல் 'வாங்க'. சொல்லாமல் விட்டால் பங்காளிக்குள் பேச்சு நின்றுபோகும். பேரன் காலம்வரை நின்றே இருக்கும். திவானின் கார் வந்து நின்றது. அதிலிருந்து முதலில் இறங்கியவர் பித்தளைப் பொத்தான் வைத்த சிவப்புக் கோட்டும் கொண்டை வைத்த தலைப்பாகையுமாகப் பார்க்கவே கம்பீரமாக இருந்தார். ராவ் பகதூர் இரண்டு கையையும் கூப்பி, வாங்க என்று சொல்லி, மாலையையும் போட்டுவிட்டார். அவர் டிரைவர். அவருக்குப் பின்னால் வெறும் மல் வேட்டியும் குடுமியுமாக இறங்கியவர்தான் திவான்.

சொன்ன வாங்கவைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. டிரைவரின் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றலாம் என்று சீனிவாசலு யோசனை சொன்னார். கழற்றப் போன கையை டிரைவர் முறுக்கினார். மாலை வாங்கியவரை அவமதிப்பதா என்று சமஸ்தானத்துக் குடைக்காரன் வெள்ளிக் குடைக்காம்பைச் சுழற்றினான். மில்லிலிருந்து கூட்டி வந்திருந்த தொண்டர்கள் பந்தக்கால்களைப் பிடுங்கினார்கள். பந்தல் விழுந்தது. விழுந்த பந்தலுக்குள் இரண்டு நாட்டாரும் யார் எவர் என்று தெரியாமல் அரை நாழிகை அடித்துக்கொண்டார்கள். மருதாசலம் விலக்கிவிடப் போனார். விலக்கப் போகிறவனுக்கு என்ன கிடைக்குமோ அதுவே அவருக்கும் கிடைத்தது, முன்பல் இரண்டு. அப்புசாமி பல்லைத் தேடி எடுத்துத் துண்டில் முடிந்து கொடுத்தார்.

சாயங்காலம் சீனிவாசலு தலையில் கட்டோடு அறிக்கை வாசித்தார். இரு தரப்பினரும் மிக நெருக்கமாகப் பழகினார்கள் என்றும், ஒருவர் பலத்தை ஒருவர் அறிந்துகொண்டார்கள் என்றும், இந்த உறவு இத்தோடு நிற்காது என்றும் அதில் இருந்தது. மூன்றும் உண்மைதான்.

நிற்கவும் இல்லை. இரு நாட்டுக்கும் நடுவே எல்லை திறந்திருக்கிறது என்று உலகுக்கு அறிவிக்கச் சங்கம் தீர்மானித்தது. போய்ப் பார்த்தால், கல்லோடையில் திறப்பதற்கு ஒன்றுமே இல்லை. தரைப்பாலமும் அதன்மேல் சாணியும்தான் கிடந்தன. இல்லாததை எப்படித் திறப்பது? ஆகவே தேக்கு மரத்தில் ஒரு வாயில் செய்து பாலத்தின் நட்டநடுவில் நிறுத்தினார்கள். திறக்கிறவரைக்கும் அதைப் பூட்டி வைக்க வேண்டும் அல்லவா? பூட்டினார்கள். இரண்டு சாவி, கரைக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். சுற்றிக்கொண்டு போகாமலிருக்க இருபுறமும் முள்கம்பி, காவலுக்குத் தடிக்காரர்கள். பூட்டிய கையோடு சீனிவாசலு தண்டோராப் போட்டார்: வர்த்தக உறவு முறைப்படி தொடங்கும்வரை வர்த்தகம் நிறுத்தி வைக்கப்படுகிறது.

வெல்லம் வண்டியிலேயே இளகியது. ஒரு நாள் மருதாசலமும் அப்புசாமியும் வெல்லத்தை மறந்துவிட்டு, பெண்ணைப் பார்த்தால் போதும் என்று முள்கம்பிக்குக் கீழே ஓடைத் தண்ணீரில் இறங்கினார்கள். அக்கரைத் தடிக்காரர்கள் ஏறக்கூடாது என்று அடித்தார்கள். திரும்பி வந்தால் இக்கரைத் தடிக்காரர்கள் ஏன் இறங்கினாய் என்று அடித்தார்கள். இப்படி நடுத்தண்ணீரில் வைத்து இரு நாட்டாரும் மாறி மாறி அடித்ததில், அப்புசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளில் இவர்கள் ஒற்றுமையாகச் செய்த வேலை இது ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டே கரையேறினார். அவருக்கு எதிலும் ஒரு சிரிப்பு. மருதாசலத்துக்கு அது கிடையாது. ஈர வேட்டியோடு நின்று அக்கரைப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் கோயமுத்தூருக்குப் போய் ராவ் பகதூர் பங்களா வாசலில் காத்திருந்து அவரைப் பார்த்தார். என்ற பொண்ணுங்க, மாசமா இருக்கறாளுங்க, முன்ன மாதிரி போய்ட்டு வர வுட்டாப் போதுமுங்க என்று கேட்டார். ராவ் பகதூர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி மோர் கொடுத்து விளக்கினார்.

"மருதாசலம், நீ இத்தன வருசமாப் போய்ட்டு வந்தது வெறும் போக்குவரத்துப்பா. அது ஒறவு ஆகாது. ஒறவுன்னா அதுக்கு ஒரு தலைவர் வேணும், ஒரு காரியதரிசி வேணும். நீங்க பாட்டுக்கு நீங்களே பழகிட்டிருந்தா, நாங்க எதுக்கு இருக்கறோம், சொல்லு பாக்கலாம்?"

கேள்வியே மருதாசலத்துக்குச் சரியாகப் படவில்லை. அப்போதுதான் ராவ் பகதூர் மனமிரங்கி ஒரு வழி சொன்னார். திவானுக்கு மறுவிஜயம் போகிறோம், அன்பளிப்பாக ஒரு சோடி காங்கேயம் காளைகள் கொண்டு போகிறோம். மாடு பிடிக்க நீயும் அப்புசாமியும் வாருங்கள், அப்படியே பெண்ணையும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மருதாசலம் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

மறுவிஜயத்தன்று யார் சாவியை முதலில் நுழைப்பது என்பதில் காலைப் பொழுது போயிற்று. இரு சாவியும் ஒரே மூச்சில் நுழைய வேண்டும் என்று கடைசியில் முடிவாகி, ஒரு தவில்காரனை வைத்து அடித்து நுழைத்தார்கள். கோஷ்டி உள்ளே போனதும் வாயில் மறுபடி பூட்டப்பட்டது. வாயில்மேல் ஒரு விதி எழுதித் தொங்கியது: போகும்போது எத்தனை பேரோ, திரும்பும்போதும் அத்தனை பேர்தான். பெண்ணைக் கையோடு அழைத்து வந்துவிடலாம் என்று நினைத்திருந்த மருதாசலத்துக்கு அங்கேயே முகம் சுண்டிப்போயிற்று.

சாம்பல் நிற மயிலைக் காளைகள் இரண்டும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தன. கொம்புக்குப் பித்தளைப் பூண், கழுத்தில் சலங்கை. ஒன்றை மருதாசலம் பிடித்திருந்தார், இன்னொன்றை அப்புசாமி. திவான் வரவேற்புக்கு அதிர்வேட்டு வைத்திருந்தார். பக்கத்துப் பெரிய சமஸ்தானத்தில் எத்தனை வெடிப்பார்களோ அதைவிட அதிகம் வெடிக்க வேண்டும் என்பது அவருடைய பல நாள் ஆசை. மாடு இருக்கிறதுங்க, கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று அப்புசாமி கும்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். தள்ளி வைத்தால் மரியாதையும் தள்ளிப் போகும் என்று திவானின் ஆட்கள் காளைகளின் காலடியிலேயே வரிசை வைத்தார்கள்.

முதல் வேட்டுக்கே காளைகள் கிளம்பிவிட்டன. வரவேற்புக் கமிட்டி வரிசையாக நின்றிருந்தது, காளைகளுக்கு அது வசதியாகப் போயிற்று. சமஸ்தானத்து அதிகாரி பேஷ்காரை ஒரு கொம்பு தொடையில் குத்தித் தூக்கி எறிந்தது. நாதசுரக்காரர் நாதசுரத்தோடு மரத்தில் ஏறினார். வேட்டுப் போடுகிறவன் திரும்பிப் பார்க்கவில்லை. கணக்கு முடியும்வரை நிறுத்தக் கூடாது என்பது அவனுக்கு இட்ட உத்தரவு. மருதாசலம் கயிற்றை விட்டுவிட்டு விலா எலும்பு முறியப் புதரில் விழுந்தார். அப்புசாமி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். விட முடியவில்லை. காளை அவரைக் கல்லிலும் முள்ளிலும் கோயில் திடல் முழுக்க இழுத்துக்கொண்டு ஓடியது. நின்றபோது அவர் முகத்தைப் பார்த்து அப்புசாமி என்று சொல்ல முடியவில்லை. வேட்டு இன்னும் முடிந்திருக்கவில்லை.

மருதாசலம் அழுதார். சிறுபிள்ளையில் ஒன்றாக மாடு மேய்த்தவர்கள். துக்கத்துக்கு நடுவே கந்தப்பன் மாசாணியம்மாளைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தான். வயிறு இறங்கியிருந்தது, முகம் வெளுத்திருந்தது. அப்பனின் விலாவைத் தடவிக்கொண்டு அவளும் அழுதாள். உடலை அக்கரையிலேயே புதைத்தார்கள். உயிரில்லாதவரை ஒருவர் என்று கணக்கெடுப்பதா வேண்டாமா என்று விதியில் இல்லாததால், திருப்பிக் கொண்டுபோக வழியில்லை.

வாயிலுக்கு வந்தபோது தலை எண்ணினார்கள். ஒன்று குறைந்தது. சீனிவாசலுவுக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. கணக்கு சரியாக வேண்டும். ஒரு இடம் காலி இருக்கிறது. மருதாசலத்தின் மகள் அந்த இடத்தில் வரட்டுமே என்றார். மருதாசலத்தின் நெஞ்சு ஒரு கணம் குதித்தது. குதித்ததற்கு உடனே வெட்கப்பட்டார். ஆனாலும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். சமஸ்தானத்து வாயில் சூப்பரிண்டெண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி அல்ல, இரண்டு பேர். செத்தவர் ஒருவர்தானே என்றார். பிறக்காததை எண்ணக் கூடாது என்று சீனிவாசலு சொன்னார். எண்ணாவிட்டால் அது திருட்டுத்தனமாக எல்லை தாண்டுவதாகும் என்று சூப்பரிண்டெண்டு சொன்னார். சொல் முற்றியதும் கன்னத்தில் அறைந்துகொண்டார்கள். தடிக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். மகளுக்கு அடி விழாமல் மருதாசலம் தன் முதுகைக் கொடுத்து மறைத்து, அவளைக் கந்தப்பனோடு திருப்பி அனுப்பினார்.

இரங்கல் கூட்டம் ஒரு வாரம் கழித்து, வாயிலின் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு நடந்தது. திவான் ராமுண்ணி மேடைத் தமிழில் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"இதுவரை எங்கள் நிர்வாகத்தால் எங்கள் பிரஜைகளே செத்துக்கொண்டிருந்தார்கள். அந்நிய நாட்டார் ஒருவரும் முன்வரவில்லை. அந்தக் குறையைத் திரு அப்புசாமி நீக்கினார். இது கலாசாரப் பரிமாற்றம் அன்றி வேறென்ன?"

இந்தப் பக்கம் ராவ் பகதூர், தியாகியைக் கொடுத்தது நாங்கள் என்று பதில் பேசினார். வாங்கியது நாங்கள் என்று அந்தப் பக்கம் சொன்னது. நாற்காலிகள் வாயிலுக்கு மேலாகப் பறந்தன. முடிவில் வாயிலுக்கு அப்புசாமி நல்லுறவு வாயில் என்று பெயர் வைப்பதில் மட்டும் உடன்பட்டார்கள். பெயர்ப்பலகையைத் திறந்து வைக்க அப்புசாமியின் மனைவி சின்னத்தாயியை அழைத்திருந்தார்கள். அவள் துணியை விலக்கிவிட்டு, மண் போட்ட இடத்தை ஒரு தரம் பார்த்து வரலாமுங்களா என்று கேட்டாள். வாயில் திறந்ததும் பார்க்கலாம் அம்மணி என்றார்கள். எப்போது திறப்பார்கள் என்று அவள் கேட்டதற்கு, சீனிவாசலு ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டார்.

மாசாணியம்மாளுக்கு ஒன்பதாம் மாதம் ஆயிற்று. மருதாசலத்தின் மனைவி காளியாத்தாள் சாப்பிடுவதை நிறுத்தினாள். ஓடைக்கரையில் போய் நின்று முந்தானையை ஆட்டுவாள். அக்கரையில் மகளும் ஆட்டுவாள். இரு பக்கத்துத் தடிக்காரர்களும் அது ரகசியச் சமிக்ஞையா என்று சந்தேகப்பட்டு, இரு பெண்களையும் விரட்டினார்கள். அன்று இரவு காளியாத்தாள் புருசனிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அவ அங்கேயே பெத்துப்போட்டாள்னா, நீங்க என்ற மூஞ்சில முழிக்காதீங்க."

மருதாசலம் மறுபடி பங்களாவுக்கு ஓடினார். இந்தத் தடவை ராவ் பகதூருக்கே உற்சாகம் வந்துவிட்டது. கட்டுச்சோறா? அது கலாசாரமாயிற்றே, எங்களுக்குத் தோன்றாமல் போயிற்றே என்றார். ஐந்து போசியோடு வாயிலுக்கு வா, சங்கம் அதை முறைப்படி பரிமாறும், இரு நாட்டுத் தலைவர்களும் பேசி முடித்ததும் பெண்ணை உன்னிடம் ஒப்படைப்போம் என்று தேதியும் குறித்துக் கொடுத்தார். வெளியே வரும்போது மருதாசலத்தின் கால் தரையில் படவில்லை. உடைந்த விலாகூட வலிக்கவில்லை.

குறித்த நாளில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. காளியாத்தாள் விடியுமுன்பே எழுந்து எலுமிச்சை, புளி, தேங்காய், எள்ளு, தயிர் என்று ஐந்து சோறும் ஆக்கி, பித்தளைப் போசிகளில் நிறைத்து வெள்ளைத் துணியால் வேடுகட்டிக் கொடுத்தாள். மருதாசலம் வண்டி பூட்டிக்கொண்டு பாலத்துக்கு வந்தார். வாயிலுக்கு அந்தப் பக்கம் கந்தப்பன் ஒரு சவாரி வண்டியில் வைக்கோல் பரப்பி மாசாணியம்மாளை உட்கார வைத்திருந்தான். அப்பனைக் கண்டதும் அவள் சிரித்தாள். நடுவில் இருந்தது ஒரு மரக்கதவும் இரண்டு சங்கமும்.

முதலில் திவான் ஒரு சந்தேகம் எழுப்பினார். ஐந்து போசிச் சோறு எல்லை தாண்டுகிறது. இது வர்த்தகமா, கலாசாரமா? வர்த்தகமானால் சுங்கம் கட்ட வேண்டும். கலாசாரமானால் சொற்பொழிவு ஆற்ற வேண்டும். ராவ் பகதூர் கலாசாரம் என்றார். அப்படியானால் சரக்கைப் பார்க்காமல் எப்படிப் பேசுவது என்று திவான் கேட்டார். சீனிவாசலு வேடுகளை அவிழ்த்தார். எள்ளுச் சோற்றைத் திவான் ருசி பார்த்தார். திவான் ருசி மட்டும் போதுமா என்று சூப்பரிண்டெண்டு புளிச் சோற்றில் கை வைத்தார். கமிட்டி அங்கத்தினர்கள் ஒவ்வொருவராகக் கம்பிக்கு இரு புறமும் கை நீட்டித் தின்றார்கள். கட்டுச்சோறு பெண்ணின் வாய்க்குப் போகுமுன்பே பாதி தீர்ந்தது. பெண் வந்தால் போதும், சோறு யார் தின்றால் என்ன என்று மருதாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு, இருந்த பற்களைக் கடித்துக்கொண்டு நின்றார்.

தயிர்ச் சோற்றில் உப்புக் குறைவு என்று சூப்பரிண்டெண்டு சொன்னதில்தான் வினை வந்தது. உப்பைப் பற்றிப் பேசுகிறவன் உப்புப் போட்டுத் தின்றவனா என்று சீனிவாசலு கேட்டார். சூப்பரிண்டெண்டு போசியைச் சோற்றோடு அவர் தலையில் கவிழ்த்தார். அதன் பிறகு மீதி நாலு போசியும் ஆயுதமாயின. பித்தளை கனமான உலோகம். ஒரு அங்கத்தினருக்குத் தாடை விலகியது, இன்னொருவருக்குக் காது கிழிந்து தொங்கியது. இக்கரை மில் தொண்டர்கள் வாயிலின் மேல் ஏறி அக்கரையில் குதித்தார்கள், அக்கரைத் தடிக்காரர்கள் கம்பிக்குக் கீழே ஊர்ந்து இக்கரைக்கு வந்தார்கள். அன்று எல்லையைத் தாண்டாதவர்கள் மருதாசலமும் அவர் பெண்ணும்தான். மழைத் தண்ணீரோடு சோறும் ரத்தமும் பாலத்திலிருந்து ஓடையில் வழிந்தது. இதற்கு நடுவில் ராவ் பகதூர் ஒரு நாற்காலியின்மேல் நின்று, கொங்கு நாட்டு விருந்தோம்பலைப் பற்றி எழுதிக்கொண்டு வந்ததை ஒரு வரி விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

சவாரி வண்டியிலிருந்து மாசாணியம்மாள் வீறிட்டாள். வலி கண்டுவிட்டது.

கந்தப்பன் வாயிலோரத்து முள்கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். "மாமா, பனிக்கொடம் ஒடஞ்சுபோச்சுங்க மாமா. என்ன பண்ணட்டுமுங்க?"

மருதாசலம் ராவ் பகதூரின் நாற்காலியிடம் ஓடினார். சாவியைக் கொடுங்கள் என்று கும்பிட்டார். தம்முடைய சாவி தயாராக இருக்கிறது என்றும், திவான் தம் சாவியை முதலில் எடுக்க மாட்டேன் என்கிறார் என்றும் ராவ் பகதூர் சொன்னார். கம்பி வழியாகத் திவானைக் கும்பிட்டார். திவானும் அதையே திருப்பிச் சொன்னார். இன்றைக்குத் தவில்காரன் வேறு வரவில்லை என்று ராவ் பகதூர் வருத்தப்பட்டார். உள்ளே பெண்ணின் குரல் மறுபடி எழுந்தது. இந்தத் தடவை அது அம்மா என்று கூப்பிட்டது. மருதாசலம் அதற்குமேல் ஒருவரையும் கும்பிடவில்லை. தோரணக் கம்பம் நடக் குழி பறித்த கடப்பாரை ஓரத்தில் கிடந்தது. எடுத்தார்.

அவரை அவர் ஆயுளில் யாரும் கோபமாகப் பார்த்ததில்லை. முதல் குத்தில் பெயர்ப்பலகை விழுந்தது. இரண்டாவதில் பூட்டு தெறித்தது. பூட்டு போன பிறகும் அவர் நிறுத்தவில்லை. கீல்களைப் பெயர்த்தார், குறுக்குச் சட்டங்களைப் பிளந்தார், தேக்குப் பலகையைச் சிராய் சிராயாகக் கிழித்தார். தடுக்க வந்த தடிகள் அவர் முதுகிலும் தலையிலும் விழுந்துகொண்டே இருந்தன. எந்த நாட்டுத் தடி என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மனிதன் மேலும் அவர் கடப்பாரை படவில்லை. கதவு இரண்டு துண்டாகி ஓடையில் விழுந்தபோது, சண்டை போட்டவர்கள் அத்தனை பேரும் ஓய்ந்து நின்று பார்த்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த சின்னத்தாயி முக்காட்டைச் சரி செய்துகொண்டு, யாரையும் கேட்காமல், உடைந்த இடத்தின் வழியே அக்கரைக்கு நடந்து போனாள்.

கந்தப்பன் வண்டியை விரட்டினான். மருதாசலம் நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மாட்டுக்கு முன்னால் ஓடினார். வீட்டு நடையில் இறக்கிக் காளியாத்தாளிடம் ஒப்படைத்தபோது அவருக்குக் கண் தெரியவில்லை. பொழுது இறங்குமுன்னே பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. தாயும் சுகம்.

மறுநாள் காலையில் இரண்டு மோட்டார் கார்கள் கல்லோடைப்பாளையத்துக்கு வந்தன. பின்னால் போலீஸ்காரர்கள். ராவ் பகதூர் ஒரு கையைத் துணியில் கட்டிக் கழுத்திலிருந்து தொங்கவிட்டிருந்தார், திவானுக்கு ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, சீனிவாசலுவின் தலையில் இன்னும் இரண்டொரு பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. மருதாசலத்தின் வாசலில் மேசை போட்டார்கள். சீனிவாசலு புகாரை வாசித்தார்: இருநாட்டு நல்லுறவின் சரித்திரத்திலேயே நடந்த ஒரே வன்முறைச் சம்பவம் இது, அமைதியே உருவான ஒரு மரக்கதவைக் கொடூரமாகத் தாக்கியவர்மேல் இரு அரசுகளும் நடவடிக்கை எடுக்க வேண்டும். திவான் தலையசைத்தார். ராவ் பகதூரும் அசைத்தார். யார் முதலில் கையெழுத்திடுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் போடுங்கள் என்று இவர் சொன்னார், உங்களுக்குப் பிறகு என்று அவர் சொன்னார், கடைசியில் ஒரே காகிதத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் போட்டார்கள். போட்டு முடித்ததும் இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. கைகுலுக்கிக்கொண்டார்கள், கூட வந்தவர்கள் கை தட்டினார்கள்.

மருதாசலம் தலைக்கட்டோடு நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பேத்தி அழுதாள், பிறகு பால் கிடைத்து அடங்கினாள். ஏதாவது சொல்வதற்கு இருக்கிறதா, வருத்தம் தெரிவித்தால் தண்டனை குறையலாம் என்று ராவ் பகதூர் பெருந்தன்மையோடு கேட்டார். மருதாசலம் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வருத்தம் இருக்குதுங்க. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு சேர இதுதான் வழின்னு யாரும் எனக்குச் சொல்லலீங்க. தெரிஞ்சிருந்தா, அப்புசாமி இருக்கறப்பவே ஒடச்சுப்போட்டிருப்பேனுங்க."

சொல்லிவிட்டு அவரே போய்ப் போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்றுகொண்டார்.